இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கன்

1

என் நண்பன் ஒருவனின் பெயரை இங்கே நான்கு ஹேங்கர் சுவர்களில் ஒட்டியிருந்தார்கள். இப்போது மூன்றில் இருக்கிறது. ஒட்டக் காரணமானவன் நான்.

கனடாவில், டொரான்டோவுக்குப் பக்கத்தில், விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், அதாவது ஹேங்கரில், எனக்கு வேலை. வருகிற மாதத்தோடு இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. பனியைப் பற்றி எழுது, சாப்பாட்டைப் பற்றி எழுது என்று ஊரிலிருந்து இந்தப் பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். பனியைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது. நான் எழுத வந்தது ஒரு டார்ச் லைட்டைப் பற்றி.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம். மானுவல் என்று ஒரு போர்ச்சுகல்காரன், என்னைப்போல் இரண்டு ஆள் கனம் இருப்பான். அவன் ஃபோர்மேன் டக்கிடம் போய், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. இன்று எனக்கு எஞ்சின் வேலை வேண்டாம்" என்றான். திட்டு விழப்போகிறது, நாம் பார்த்ததாக இருக்க வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். டக் "சொன்னதற்கு நன்றி" என்றார். சீட் உறை மாற்றும் இடத்துக்கு அவனை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மானுவலும் வெட்கப்படவில்லை. எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. இவ்வளவு லேசாகச் சொல்லிவிடக்கூடிய விஷயமா இது?

அந்த வாரத்திலிருந்து டக் ஒரு புது வழக்கம் தொடங்கினார். திங்கட்கிழமை வேலைக்கு முன்னால் பத்து நிமிஷம் எல்லோரும் நிற்க வேண்டும். களைப்பால் நடந்த தவறு ஒன்றை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் என் முறை. "ஷங்கர், நீ இந்தியாவில் பல வருஷம் வேலை பார்த்தவன். உன்னிடம் ஒரு கதை இருக்குமே" என்றார்.

இருந்தது. சொன்னேன். வழக்கமாக என் ஆங்கிலம் பாதி வழியில் மூச்சு வாங்கும். கடையில் போய் இடியாப்ப மாவுக்கு விளக்கம் சொல்லி நூல்கண்டு வாங்கி வந்தவன் நான். அன்றைக்கு என்னவோ தடங்கலே இல்லை. தூங்காமல் வேலை பார்த்த ஒருவன் விமானத்தின் தரைக்கு அடியில் டார்ச்சை வைத்து மூடிய கதையை, கேட்பவர்கள் வாய் திறந்து நிற்கும்படி சொன்னேன். கடைசியில் யாரோ கேட்டார்கள்: "யார் அவன்?"

"தங்கராஜ். என்னோடு வேலை பார்த்தவன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. யோசிக்காமலே வந்ததுதான் அசிங்கம். அத்தனை வருஷம் அந்தப் பொய் வாய்க்குள்ளேயே பழகிக் கிடந்திருக்கிறது. கைதட்டினார்கள். இரண்டு வாரத்தில் ஒரு மஞ்சள் அட்டை வந்தது. மேலே கொட்டாவி விடும் ஒரு கருப்பு மனிதன், கையில் டார்ச். கீழே, ‘டாங்கோ ராஜ் ஆகிவிடாதே. தூக்கம் வந்தால் சொல்.’ இவர்கள் நாக்கில் அவன் பெயர் அப்படி ஆகிவிட்டது. டூல் வாங்குகிற ஜன்னலுக்கு நேர் எதிரே அதை ஒட்டினார்கள்.

2

திருவனந்தபுரத்தில் எங்கள் ஹேங்கர் சங்குமுகம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் கரமனைக்காரன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் இரண்டையும் குழப்பி ஒன்று. தங்கராஜ் மார்த்தாண்டத்துக்கு உள்ளே ஒரு ஊர். அப்பா கொத்தனார், தவறிவிட்டார். கீழே மூன்று தங்கைகள். வள்ளக்கடவில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தான். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கை என் கையைவிட நல்ல கை. இதை நான் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பெயர். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நாள் லீவில் ஊருக்குப் போய் வர முடியாது. ஆகவே இன்று உன் டியூட்டியையும் நான் சேர்த்துப் பார்ப்பேன், அடுத்த வாரம் என்னுடையதை நீ பார்ப்பாய். ரெஜிஸ்டரில் அவரவர் பெயர் அவரவர் இடத்தில் இருக்கும். மேலே உள்ளவர்களுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பார்கள். மனுஷனுக்கு மனுஷன் செய்கிற உதவி என்றுதான் நாங்கள் அதை நினைத்தோம். தொடர்ந்து இரண்டு டியூட்டி பார்த்தவன் கேண்டீனில் பாலில்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் உட்காருவான். ‘எனக்குக் க்ஷீணமாக இருக்கிறது’ என்று எவனாவது சொன்னால், வீட்டில் போய் முட்டை குடி என்பார்கள்.

டோக்கனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டூல் ஸ்டோரில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை இருக்கும். ஒவ்வொரு டூலும் தொங்க ஒரு ஆணி. நீங்கள் ஒரு டார்ச்சை எடுத்தால், அது இருந்த ஆணியில் உங்கள் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். வேலை முடிந்து டார்ச்சைக் கொடுத்தால் டோக்கன் திரும்பிவரும். பலகையைப் பார்த்தாலே எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். விமானத்துக்குள் எதுவும் தங்கிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நாங்கள் அதையும் அட்ஜஸ்ட் செய்தோம். ஒருவன் பெயரில் இன்னொருவன் டியூட்டி பார்க்கும்போது, அந்த ஒருவனுடைய டோக்கனையும் வாங்கி வைத்துக்கொள்வோம்.

தங்கராஜின் மூத்த தங்கைக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ராத்திரி டியூட்டி எனக்கு. காலை ஆறு மணிக்கு முடித்துவிட்டு, அப்படியே அவன் பெயரில் இரண்டு மணி வரைக்கும் நிற்பதாக ஒப்புக்கொண்டேன். காலையில் பஸ் பிடிக்கப் போகிற வழியில் வந்து தன் இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

"மக்கா, நேத்து பகல்ல ஒறங்குனியாலே? கண்ணு செவந்து கெடக்கு."

"நல்லா ஒறங்கினேன். நீ போயிட்டு வா."

"முடியாதுன்னா செல்லுலே. நான் மத்தியானத்துக்கு மேல போறேன்."

"மூணு டியூட்டி ஒண்ணிச்சுப் பிடிச்சவனாக்கும் நான். போலே."

முந்தின பகலில் நான் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் அலைந்துவிட்டு மேட்னி சினிமாவுக்குப் போயிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன விமானத்தின் உள்ளே, தரையில் ஒரு மூடியைத் திறந்து, அடியில் ஓடுகிற கம்பிகளைப் பார்க்க வேண்டிய வேலை. விமானி முன்னால் உட்கார்ந்து இழுத்தால் வாலைத் திருப்புகிற கம்பிகள் அவை. குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் டோக்கனை மாட்டி எடுத்த டார்ச்சை ஒரு விளிம்பில் வைத்தேன். பிறகு விழித்தபோது உதட்டோரம் எச்சில் வழிந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழேயிருந்து யாரோ முடிந்ததா என்று கேட்டார்கள். முடிந்தது என்று எழுந்து, மூடியைப் போட்டு, எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினேன். ஒரு ஸ்க்ரூகூடத் தளர்வாக இல்லை. இரண்டு மணிக்கு ஸ்டோர் ஜன்னல் பக்கமே போகாமல் வீட்டுக்குப் போய் விழுந்தேன். ஆணியில் இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கன் தொங்குவதை ஸ்டோர்க்காரர் பார்த்திருக்கிறார். தங்கராஜ்தானே, நாளைக்குக் கொண்டுவந்து தருவான் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு விமானி கம்பியை இழுத்துப் பார்த்தார். ஏதோ தட்டியது. முப்பது சொச்சம் பேரை இறக்கி வெயிலில் நிறுத்தினார்கள். அதில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணும் உண்டு. தரையைத் திறந்தால் டார்ச் உருண்டுபோய்க் கம்பியோடு சாய்ந்திருந்தது. விமானம் தரையில் நிற்கும்போதே அது உருண்டது. மேலே போன பிறகு உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

ஆபீசர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் நிறுத்தினார். தங்கராஜ் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். கையில் நிச்சயத்துக்குச் சுட்ட முந்திரிக்கொத்துப் பொட்டலம்.

"ஈ டோக்கன் ஆருடெயா?"

"எனக்கதுதான் சாரே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் பொட்டலத்தைப் பார்த்தேன். எண்ணெய் ஊறிய காகிதம். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. தான் அன்று ஊரிலேயே இல்லை என்று சொன்னால், டியூட்டிக்கு வராமல் ரெஜிஸ்டரில் பெயர் வைத்த குற்றம். வேலை போகும், தங்கை கல்யாணம் நிற்கும், அட்ஜஸ்ட்மென்ட் பார்த்த அத்தனை பேரும் மாட்டுவார்கள். "மறந்துபோச்சு சாரே. தெற்றுதான்" என்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டான். நான் வாயைத் திறந்திருந்தால் இருவருக்கும் தண்டனை கிடைத்திருக்கும், திறக்காததால் ஒருவனோடு போயிற்று, அது அவன் வேலையையும் காப்பாற்றியது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம். என் லைசென்ஸ் பரீட்சைக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது என்பதை மட்டும் அதில் சேர்க்க மாட்டேன்.

விமானத்தைத் தொடக்கூடாது என்று அவனை அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள். லைசென்ஸ் பரீட்சையும் எழுதக்கூடாது. டூல் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலம் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "விடுலே. நீயாவது பரீட்சைய எழுது" என்றான். எழுதினேன். தேறினேன். அந்தக் காகிதம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. என் கல்யாணத்துக்கு வாழைக்குலை சுமந்து வந்தவன் அவன். நான் இங்கே கிளம்பிய அன்று என் பெட்டியைத் தூக்கி வந்தவனும் அவன்தான்.

3

இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் போனபோது ஹேங்கருக்குப் போனேன். கையில் ஒரு சாக்லேட் டின். ஜன்னலுக்குப் பின்னால் தங்கராஜ் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

நான் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு மலையாளி வந்து டோக்கனை நீட்டி ஒரு ஸ்பேனர் கேட்டான். தங்கராஜ் எடுக்கவில்லை. அவன் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஒறங்ஙியோ?"

"கொறச்சு, டார்ச்சண்ணா."

கொஞ்சம் தூங்கினானாம். தங்கராஜ் டோக்கனைத் திருப்பித் தள்ளினான். போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வா என்று கையைக் காட்டினான். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பெஞ்சும் பாயும் போட்டு வைத்திருக்கிறான். வந்தவன் முனகிக்கொண்டே போய்ப் படுத்தான். இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தூங்காதவனுக்கு அந்த ஜன்னலில் டூல் கிடையாது, அவ்வளவுதான்.

"எப்படிலே இதுக்கு ஒத்துக்கிட்டாங்க?" என்றேன்.

"எங்க ஒத்துக்கிட்டாங்க? ஏசுனாங்க. டார்ச்ச உள்ள வச்சு மூடுனவன் எங்களுக்குப் புத்தி சொல்லுகியான்னு கேட்டாங்க. ஆமா, அதுகொண்டுதான் சொல்லுகேன்னேன். பொறவு விட்டுட்டாங்க."

செய்யாத குற்றத்தையே கையில் எடுத்துக்கொண்டு அவன் மற்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். செய்த நான் ஜன்னலுக்கு வெளியே சாக்லேட் டின்னோடு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டின்னைக் கொடுத்துவிட்டு, அங்கே ஒரே குளிர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4

வருஷத்தில் ஒரு நாள் இங்கே குடும்பத்தோடு ஹேங்கரைப் பார்க்கலாம். இந்தக் கோடையில் என் மனைவி சரோஜாவும் மகள் மீனாவும் வந்தார்கள். மீனாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், எழுத்து தெரியாது. இதைக்கூட அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் அட்டையைப் பார்த்து அவள் சிரித்தாள். அதிலிருந்த கருப்பு மனிதனைப்போலக் கொட்டாவி விட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் அவளை நிறத்தை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று போன வருஷம் அழுதவள். "யாருப்பா இது, உங்க ஊர்க்காரரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பக்கத்தில் நின்ற டக், "உன் அப்பா சொன்ன கதை அது. எங்கள் எல்லோருக்கும் பாடம்" என்று என் முதுகில் தட்டினார்.

சரோஜா அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வீட்டுக்கு வந்தோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாவம் தங்கராஜ் அண்ணன். அவர் செஞ்ச தப்பாவே இருக்கட்டும். கடல் தாண்டி வந்து அவர் பேரச் செவுத்துல ஒட்டணுமா? நீங்க சொன்னதாலயா ஒட்டுனாங்க?"

அவளுக்கும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன், கல்யாணமான புதிதில். அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

"நம்ம கல்யாணத்துக்கு அந்த மனுஷன் வாழைக்குலையத் தூக்கிட்டு வந்தப்பவும் நீங்க சொல்லலியா?"

"இல்லை."

"நாம பிளேன் ஏறின அன்னிக்கு?"

"இல்லை."

அவள் அடுப்பில் வழிந்த பாலைத் துடைக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5

திங்கட்கிழமை டக்கிடம் போனேன். டார்ச்சை வைத்தவன் தங்கராஜ் இல்லை, நான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்போது எத்தனை மணி நேரம் விழித்திருந்தாய்?"

"ஒரு நாளுக்கு மேலே."

"தூங்கினாயா என்று அங்கே யாருமே கேட்கவில்லையா?"

"ஒருவன் கேட்டான். அவனிடம் பொய் சொன்னேன்."

"யார்?"

"தங்கராஜ்."

டக் எழுந்து போய் அட்டையைத் தன் கையாலேயே கிழித்தார். அடுத்த பத்து நிமிஷக் கூட்டத்தில் என்னையே நிறுத்திச் சொல்ல வைத்தார். இந்த முறை என் ஆங்கிலம் பழையபடி தடுமாறியது. யாரும் கைதட்டவில்லை. மானுவல் மட்டும் போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஆனால் அட்டை அதற்குள் வேறு மூன்று ஹேங்கர்களுக்குப் போயிருந்தது. அதை எடுக்க மேலிடத்துக்கு ஒரு படிவம் தர வேண்டும். பெயரைப் போடும்போது யாரும் எந்தப் படிவமும் கேட்கவில்லை. நிரப்பிக் கொடுத்தேன். சம்பந்தப்பட்டவரின் ஊழியர் எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் இங்கே ஊழியர் இல்லை என்று எழுதினேன். அப்படியென்றால் இந்தப் படிவம் பொருந்தாது, வேறு படிவம் என்று பதில் வந்தது. அந்த வேறு படிவம் இப்போது யார் மேஜையில் இருக்கிறதோ தெரியாது.

தங்கராஜுக்கு ஏர்மெயிலில் எல்லாவற்றையும் எழுதினேன். அட்டையைப் பற்றியும் எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"மக்கா, கடிதம் கிட்டியது. அங்க உள்ளவங்ககிட்ட நீ சொன்னது சந்தோசம். ஆனா அவங்களுக்கு என்னைத் தெரியாதுலே. எனக்க கடைசித் தங்கச்சிக்கு ஒரு எடம் வந்திருக்கு. மாப்பிள வீட்டுக்காரங்க விசாரிக்க ஹேங்கருக்கு வந்திருக்காங்க. தங்கராஜ்னு கேட்டா வாசல்ல ஒருத்தனுக்கும் தெரியல. டார்ச்சான்னு ஒருத்தன் கேட்டிருக்கான். ஏன் அந்தப் பேருன்னும் கேட்டுத் தெரிஞ்சுகிட்டுப் போயிருக்காங்க. இன்னும் பதில் வரல. அந்தக் காலத்து ஆபீசர்மாரு எல்லாம் பெய்யாச்சு, ரெஜிஸ்டர கரையான் தின்னாச்சு. இனி யாரு என்ன சொன்னாலும் எனக்க வேலைக்கு ஒண்ணும் வராது. சரோஜாவ கேட்டதாச் சொல்லு. ஒழுங்கா ஒறங்கு."

எதையாவது செய் என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு ஆபீசர் முன்னால் என்னைப் பார்த்ததுபோலத்தான் இப்போதும் பார்க்கிறான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான். இந்த முறை நான் பார்த்துக்கொண்டு நிற்க அவன் கையில் பொட்டலம் இல்லை.

இதை அச்சில் போட்டால் நம் பிழைப்பு என்ன ஆகும் என்று சரோஜா ஒரு முறை கேட்டாள். தெரியாது என்றேன். என் லைசென்ஸுக்கு ஏதாவது வரலாம், வராமலும் போகலாம். எழுதி முடித்ததை நேற்று மீனாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். படிக்க மாட்டாள் என்ற தைரியம் அதோடு போயிற்று. அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள்.

இந்தப் பத்திரிகை கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் கிடைக்கும். திருவனந்தபுரம் ஹேங்கரில் தமிழ் படிக்கத் தெரிந்த நாலைந்து பேராவது இப்போதும் இருப்பார்கள். அவர்களிடம்தான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் கேண்டீனில் எல்லோரும் இருக்கும்போது, தமிழ் தெரியாதவர்களுக்கும் புரியும்படி மலையாளத்தில் சொல்லுங்கள். அன்றைக்கு டியூட்டியில் நின்று தூங்கியவன், டார்ச்சை வைத்து மூடியவன், வாயை மூடிக்கொண்டு நின்றவன் கரமனை சங்கரலிங்கம். டார்ச் என்ற பெயர் அவனுக்குச் சேர வேண்டியது. சொல்லிவிட்டு, ஸ்டோர் ஜன்னலுக்குப் போய் அங்கே இருக்கிறவனைத் தங்கராஜ் என்று கூப்பிடுங்கள். முதல் தடவை அவன் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.